பாரசூட் பையில் ஒரு கறை

அந்த மியூசியத்துக்கு வரமாட்டேன் என்று அவன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் விடாமல் நச்சரித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததில் என் பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். யாராவது தப்புச் செய்தால் சிவப்பு மையால் வட்டம் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. இரண்டாமவனை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம், டவுனில் தையல் கடை வைத்திருக்கிறான். மூன்றாமவன் விமானப்படையில் பாரசூட் மடித்துக் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்று வந்து முதலியார்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டு, விமானம் என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தான். அதை நாங்கள் அடக்கம் என்று நினைத்தோம்.

ரெட்டியார்பாளையத்தில் ஓர் அம்மா, பயிற்சி விமான விபத்தில் இறந்துபோன தம்பியின் நினைவாகத் தன் வீட்டுக் கீழ்த்தளத்தை மியூசியமாக வைத்திருந்தார். தம்பியின் சீருடையைப் பொம்மைக்குப் போட்டு நிறுத்த, கிழிந்த இடங்களைத் தைத்துக் கொடுத்தது பாய்தான். 'ஒருவாட்டி வந்து பாருங்கடா, யாரும் வரலன்னு அந்தக்கா வருத்தப்படுது' என்று அவன் ஆரம்பித்து வைத்தான். நான் பிடித்துக்கொண்டேன். 'ஏர்ஃபோர்ஸ்காரன் இல்லாம நாங்க ரெண்டு பேரும் போயி எதைப் பாத்து என்னத்தைப் புரிஞ்சிக்கிறது? ஒழுங்கா கெளம்பு' என்றேன். அவன் முதலில் முதுகுவலி என்றான். பிறகு பேத்திக்குக் காய்ச்சல் என்றான். மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் பாயும் ஆட்டோவோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

மியூசியம் என்பது இரண்டே அறைகள். முதல் அறையில் சுவர் முழுக்கப் படங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அப்பா தொப்பியோடு நிற்கும் படம், அதற்குப் பக்கத்தில் இந்தியப் படை உடுப்பில் மகன். சின்னப் பையன் முகம், மீசை இப்போதுதான் அரும்பிய மாதிரி. ஒரு மேசையில் தகர விமான மாதிரிகள், துருப்பிடித்த ஒரு இஞ்சின் பாகம், கையுறை ஒன்று. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது அந்த அறைக்குள் கேட்டது. என் நண்பன் எதையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

உள்ளறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பாரசூட் பை, கான்வாஸ் துணி, வெயிலில் கிடந்து வெளுத்த பச்சை. பையின் மூடியில், எண் போட்டிருக்கும் மூலைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். குரல் கணீரென்று இருந்தது. 'எங்க தம்பி குதிச்சான் சார். ஆனா ரொம்பக் கீழ வந்து குதிச்சிட்டான், குடை விரிய நேரமில்லன்னு சொன்னாங்க. பெட்டியில ஆணி அடிச்சுக் கொண்டாந்தாங்க. தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மொகத்தைக் கூட நாங்க பாக்கல, அப்படியே கொண்டுபோயி எரிச்சோம். கேசெல்லாம் முடிஞ்ச பொறவு ஒரு ட்ரங்க் பெட்டி வந்துது, அதுல இந்தப் பை இருந்துது.' அவர் கண்ணாடியைத் திறந்து அந்தக் கறையின் மேல் இரண்டு விரலை வைத்தார். 'இது அவன் ரத்தம். தெனம் காலைல குளிச்சிட்டு வந்து தொட்டுக் கும்புடுவேன். இத்தனை வருசமா ஒரு சொட்டுத் தண்ணி பட விடல.'

விரலைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, காபி கொண்டுவருகிறேன் என்று மாடிக்குப் போனார்.

என் நண்பன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். மாரடைப்போ என்று நான் பயந்துவிட்டேன். பாய் அவனை நாற்காலியில் உட்கார வைத்தான்.

'அது ரத்தம் இல்லடா' என்றான் என் நண்பன். 'குங்குமம். நான் வச்சது.'

அவசர அவசரமாக, மாடிப்படியைப் பார்த்தபடியே சொன்னான். ஒரு பாரசூட்டை மடிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் மேற்பார்வை பார்ப்பவர் குனிந்து பார்த்து, அதற்கான அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த மடிப்புக்குப் போகவேண்டும். இந்தப் பையைக் கட்டிய அன்றைக்கு மேற்பார்வை இவன். அன்றைக்கு ஆயுதபூஜை. மடிக்கும் மேசையைத் துடைத்து, கொக்கி, ஊசி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் அடுக்கவேண்டும். அடுக்கிவிட்டால் மறுநாள் வரைக்கும் கருவியைத் தொடக்கூடாது. இன்னும் நான்கு பாரசூட் மடிக்காமல் கிடந்தன. பூஜை நேரம் தவறிவிடுமே என்று நான்கு அட்டையிலும் எல்லாக் கட்டத்துக்கும் மொத்தமாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பூசணிக்காயும் பொரியும் வாங்க இவன் கடைத்தெருவுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது நான்கும் கட்டி முடித்துத் தயாராக இருந்தன. ஒவ்வொரு பையின் மூலையிலும் இவனே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தான்.

'மறுநாள் பிரிச்சிப் பாக்கலாம்னு தோணுச்சிடா. பூசை போட்டதைப் பிரிக்காத, அபசகுனம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். பொட்டைத் தொடைக்கறதுக்குள்ள ஒரு பையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாலாம் நாளு இவரு செத்துட்டாரு. விசாரணையில கேட்டாங்க, பாத்தியான்னு. பாத்தேன்னு சொல்லிட்டேன்.'

'குடை சரியா இருந்துச்சா இல்லயா?' என்று பாய் கேட்டான்.

'தெரியாதுடா. அதான் சொல்றேன். நான் பாக்கல.'

இறந்தவர் புதுச்சேரியில் ரெட்டியார்பாளையத்துக்காரர் என்பது அவனுக்கு அப்போதே தெரியும். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து இந்தத் தெருவுக்குள் அவன் கால் வைத்ததில்லை. விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஏறினால்கூட ரெட்டியார்பாளையம் தாண்டும்வரை தலையைக் குனிந்துகொள்வானாம்.

எனக்குக் கோபம் பொங்கியது. நண்பன் என்றும் பார்க்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் உண்மை பேசு, உண்மை பேசு என்று கத்திய வாய் இது. 'குங்குமத்தை ரத்தம்னு நெனச்சி அந்தம்மா கும்புட்டுக்கிட்டு இருக்காங்க. நீ பாத்துக்கிட்டுச் சும்மா போவியா? சொல்லிடு. இப்பவே சொல்லிடு' என்றேன். பாய் என் கையைப் பிடித்து அழுத்தினான். 'டேய், வேணாம்டா' என்றான். நான் உதறினேன்.

அந்த அம்மா டம்ளர்களோடு இறங்கி வந்தார். என் நண்பன் எழுந்து நின்று, கைகட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். கையெழுத்தை, கடைத்தெருவை, விசாரணையில் சொன்ன பொய்யை. எதையும் குறைக்கவில்லை. காறித் துப்புவார் என்று அவன் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஒருவேளை போலீசைக் கூப்பிடுவார், இல்லாவிட்டால் அழுவார், அழுது முடித்து மன்னிப்பார் என்றெல்லாம் என் வாத்தியார் புத்தி கணக்குப் போட்டது.

அவர் கையெழுத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. டம்ளர் தட்டை மெதுவாகக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

'அப்ப இது ரத்தம் இல்ல?'

'இல்லம்மா. குங்குமந்தான்.'

'நல்லாத் தெரியுமா உங்களுக்கு? வேற பையா இருக்கப் போவுது.'

அவன் என்னைப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்தில் நான் தலையை ஆட்டியிருக்கலாம். வேறு பையாகவும் இருக்கலாம் என்று அவனும் சொல்லியிருப்பான், அவரும் நம்பியிருப்பார். நான் சும்மா நின்றேன்.

'நம்பர் அதாம்மா' என்றான் அவன்.

அந்த அம்மா பையை வெளியே எடுத்து, உள்ளே கையை விட்டுத் தடவினார். மூடியைத் திருப்பினார், வார்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு எங்காவது ஒரு சொட்டு இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. வெகுநேரம் தேடினார். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு அவர் எங்கள் மூவரையும் பார்த்து, யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

'அப்ப அவன் ஒடம்புலேர்ந்துன்னு எங்கிட்ட எதுவுமே இல்ல.'