நான்கு தோள்களைக் கேட்டேன்

2006-ஆம் வருடம் ஆடி மாதம் எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அரிசி இல்லாமல் இல்லை. அரிசி களைய யாருக்கும் கை மடங்கவில்லை.

நயினார்கோவிலுக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர் எங்களுடையது. மழை பெய்தால் வயல் வேலை. பெய்யாவிட்டால் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வரும் அன்றைக்குக் குடம், அண்டா, டிரம் என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைப்போம். அந்தத் தண்ணீரில்தான் கொசு பெருகியது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சிக்குன்குனியா என்ற பெயரும் தெரியாது. முடக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னோம்.

முதலில் என் வீட்டுக்காரர் முனியசாமி படுத்தார். பிறகு பத்து வயது மகள் செல்வி. பிறகு நான். காய்ச்சல் விட்டாலும் மூட்டு வலி விடவில்லை. நேற்று வரை கோடரி பிடித்த ஆண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் உதவலாம் என்றால், எழுந்து நிற்கிறவர் யாருமில்லை. கூலிக்குப் போகாத வீடுகளில் பிள்ளைகள் பசியில் அழுவது தெரு முழுவதும் கேட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஏற்கனவே சர்க்கரை வியாதி. காய்ச்சல் அவரை விடவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுத் திரும்பினோம். அங்கே தரையில்கூட இடமில்லை. நான் ஒரு காலை இழுத்து இழுத்துக் காளியம்மன் கோவிலுக்குப் போய் வாசற்படியில் விழுந்தேன். "தாயே, இந்த மனுசன எனக்கு விட்டுரு" என்று கேட்டேன். தினமும் அதையேதான் கேட்டேன்.

கடைசியாக அவர் பேசியது கஞ்சியைப் பற்றித்தான். "எனக்கு எறங்கல புள்ள. செல்விக்குக் குடு" என்றார். விடியும்போது உயிர் இல்லை.

செய்தி தெரிந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊர்ந்தும் நடந்தும் வந்து உட்கார்ந்தார்கள். மாரடித்து அழ யாராலும் கையைத் தூக்க முடியவில்லை. அப்படி ஒரு சத்தமில்லாத சாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார்கள். அங்கேயும் இதே காய்ச்சல். அவருடைய தம்பி கருப்பையா கம்பு ஊன்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மதினி, தூக்க ஆளில்லையே. நானே விழுந்து எந்திரிச்சுத்தான் வாரேன்" என்று சொல்லித் தேம்பி அழுதார்.

வெயில் ஏறியது. என் வீட்டுக்காரரை அப்படியே போட்டுவைக்க முடியாது. எனக்கு அம்மன்மேல் கோபம் வந்தது. கோவிலுக்குப் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். "உயிரக் கேட்டேன், நீ குடுக்கல. நாலு தோளாவது குடு."

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் டிவிஎஸ் 50 ஹாரன் கேட்டது. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் காதர் பாய். வாரம் ஒருமுறை வருவார். ஹாரன் அடித்தும் ஒருவரும் சட்டியோடு வராததால் வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். எங்கள் வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, ஒருத்தரும் இன்னும் எடுக்குற வேலையத் தொடங்கல?"

கருப்பையா விவரம் சொன்னார். பாய் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"எங்க ஊர்ல போன மாசமே படுத்து எந்திரிச்சுட்டோம். இப்பத் தோள் தாங்கும். அழுவாம இருங்க, ஆளோட வாரேன்."

மீன் பெட்டியை வேப்பமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை இல்லை. யார் வீட்டுச் சாவுக்கு யார் வருவார்கள்?

மத்தியானம் ஒரு லோடு வேனில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் கருப்பையாவிடம், "ஒங்க மொற என்னன்னு சொல்லுங்க, அதும்படி செய்றோம்" என்றார். தென்னங்கீற்று வெட்டி வந்து பாடை கட்டினார்கள். குளிப்பாட்ட எங்கள் அண்டாத் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். அந்தப் பெரியவரின் மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருந்தது. அவர்தான் முதலில் தோள் கொடுத்தார். கொள்ளிச்சட்டியோடு நடக்க முடியாத கருப்பையாவைப் பாய் தன் வண்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். தெருமுனைவரை போய்ப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

மறுநாளும் அதற்குப் பிறகும் அவர்கள் ஊரிலிருந்து கஞ்சியும் நிலவேம்புக் கசாயமும் வந்தன. எங்கள் தெருவில் எல்லோரும் குடித்தோம். பிறகு சுகாதாரத்துறை ஆட்கள் வந்து டிரம்களைக் கவிழ்த்தார்கள். கொசு பெருகுவது இந்தத் தண்ணீரில்தான், இதைக் கொட்டுவதுதான் மருந்து என்று சொன்னார்கள். ஆனாலும் அவ்வளவு தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள்.

என் விரல்கள் ஒழுங்காக மடங்க அடுத்த தை மாதம் ஆயிற்று. அதுவரை சமைப்பதும் தண்ணீர் தூக்குவதும் எனக்கு முன்பே தேறிய செல்விதான். அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டவள் திரும்பப் போகவில்லை. அந்த வேதனை எனக்குக் கடைசி மூச்சுவரை இருக்கும்.

கேட்ட உயிரைக் கொடுக்காத சாமிக்கு ஏன் நன்றி சொல்கிறாய் என்று சிலர் கேட்கிறார்கள். ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மத்தியானம் நான் கேட்டது வந்தது. என் வீட்டுக்காரர் அநாதையாகப் போகவில்லை. அன்றிலிருந்து காய்ச்சல் வந்த வீடு எந்தத் தெருவில் இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், நான் கஞ்சியோடு போய்விடுவேன்.

அம்மனை நம்பும் என் சகோதரிகளே, முதல் வேண்டுதல் பலிக்கவில்லை என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கோபமாக இருந்தாலும் கேளுங்கள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் பெயருக்கு விளக்கு ஏற்றுகிறேன். பக்கத்தில் இன்னொரு விளக்கும் ஏற்றுகிறேன். முதலில் தோள் கொடுத்த அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மனுக்குத் தெரியும்.