பர்மனென்ட் ஆச்சா?

எழில்மதிக்கு நாற்பத்திரண்டு வயது. ஆறு வருஷத்தில் ஒன்பது சர்வதேச ஓவியச் சந்தைகளைப் பார்த்துவிட்டாள். துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் என்று சொன்னால் அவள் ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் வாயைப் பிளக்கிறார்கள். அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கால் வலிதான். எந்த ஊருக்குப் போனாலும் அதே வெள்ளைத் தடுப்பு, அதே ஏசி குளிர். உட்கார ஒரே ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், அதுவும் வாங்க வருகிறவருக்கு.

சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரித் தூளைக் கோந்தில் குழைத்து வரைகிறவள் அவள். "இது கரியா?" என்று கேட்பார்கள். இல்லை, எங்கள் ஊரில் தோண்டுவது என்று ஆரம்பிப்பாள். பாதியிலேயே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அழைத்துப் போகிற சென்னை ஓவியக் காலரிக்காரர் செல்வகுமார் நல்ல மனிதர்தான். ஆனால், "படத்துக்குப் பக்கத்துல நிக்காதீங்க மேடம், வாங்க வர்றவங்க கூச்சப்படுவாங்க" என்பார். தான் வரைந்த படத்துக்குத் தானே இடைஞ்சல் என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? போய்க் கழிவறைப் பக்கமாக நிற்பாள்.

ஊர் திரும்பினால் அப்பா கண்ணையன் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"பர்மனென்ட் ஆச்சாம்மா?"

சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர் அவர். அம்மா சாமியம்மாள் உயிரோடு இருந்தவரை, ஷிஃப்ட் முடிந்து வருகிறவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்பாள். "அடுத்த வருசம்" என்பார். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. அறுபது வயதானதும் கான்ட்ராக்டர் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். மகள் காலரியோடு கான்ட்ராக்ட் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கான்ட்ராக்ட் என்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதானே. எழில்மதியும் விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், "அடுத்த வருசம்ப்பா" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

இந்தத் தடவை ஜெர்மனிக்கு அவள் கொண்டுபோனது அப்பாவின் படம். சட்டையில் கேட் பாஸோடு, காலை ஷிஃப்ட் வரிசையில், ஆள் உயரத்துக்கு நிற்கிறார். இதுவும் விற்காமல் திரும்பி வந்தால் இந்த அலைச்சலை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை காலியாக இருந்தது. அதுவும் கான்ட்ராக்ட்தான்.

மூன்று நாள் யாரும் நின்று பார்க்கவில்லை. நாலாம் நாள் மூட்டை கட்டுகிற நேரத்தில் ஒரு பெண்மணி வந்து படத்தின் முன் வெகுநேரம் நின்றார். செல்வகுமாரோடு ஏதோ பேசிவிட்டுப் போனார். செல்வகுமார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மியூசியத்துலேருந்து வந்தவங்க மேடம். பர்மனென்ட் கலெக்‌ஷனுக்கு எடுத்துக்கறாங்களாம். இனிமே விக்க மாட்டாங்க, அவங்ககிட்டயே இருக்கும்."

"எதுக்குன்னு சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"பர்மனென்ட் கலெக்‌ஷன்."

அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே சந்தோஷம் வரவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் காலை நீட்டிக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கண்ணையன் வாசலில்தான் இருந்தார். கேள்வியும் தயாராக இருந்தது.

"ஆச்சுப்பா" என்றாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "எனுக்கு இல்ல. உனுக்கு."

"எனுக்கா? இன்னாம்மா சொல்ற?"

"உன் படத்த ஒரு மியூசியத்துல வாங்கிட்டாங்க. பர்மனென்ட்டா வச்சிப்பாங்களாம். இனிமே யாரும் பாஸைப் புடுங்கிகினு உன்ன வெளிய அனுப்ப முடியாது."

அவர் பாஸ் குத்தியிருந்த இடத்தைச் சட்டையில் தடவிப் பார்த்தார்.

"டூட்டி இன்னா?"

"நின்னுகினே இருக்கணும், அவ்ளோதான்."

"அது பழக்கந்தான்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்கம்மா கேட்டுகினே பூட்டாளே" என்றார்.

எழில்மதி தோளிலிருந்த பையை இறக்காமலே அழுதாள்.