ஆறில் திரும்ப வேண்டியது

1. செவ்வாய்க்கிழமை ஒத்திகையில், பக்கத்தில் ஆடியவள்மேல் மூன்று முறை இடித்தேன்.
2. நான்காவது முறை டீச்சர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.
3. ஆடுகிறவர்களின் வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டு, பாடுகிறவர்களோடு உட்காரச் சொன்னார். நிகழ்ச்சிக்குப் பதினோரு நாள் இருந்தது.
4. சரி என்றேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கலிபோர்னியாவில், மில்பிடாஸில் என் ஆபீஸிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி அந்த ஹால். டீச்சர் சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர். முவஷ்ஷா என்ற பழைய அரபுப் பாடல்களைக் குழுவாகப் பாடக் கற்றுத்தருகிறார். அவற்றுக்கென்றே உள்ள ஸமாஹ் நடனத்தையும். பெண்கள் வரிசையாக நின்று, சின்ன அடி வைத்து, கைகளை மெதுவாக விரித்து ஆடுவது. காலைத் தட்டக் கூடாது. சென்னையில் பதினான்கு வருடம் பரதம் ஆடிய எனக்கு அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. கல்யாணமாகி இங்கே வந்தபின் ஆறு வருடமாக நான் மேடை ஏறவில்லை. இதில் ஏற இருந்தேன், முன்வரிசையில்.

பாட்டுக்குப் பத்து எண்ணிக்கை. பத்து என்றதும் எனக்குத் தெரிந்த பத்தைப் போட்டுக்கொண்டேன்: நம்முடைய மிஸ்ர ஜம்பை தாளம். ஏழு, ஒன்று, இரண்டு. எட்டில் தட்டு விழும். உடம்பும் அங்கே திரும்பும். அவர்களுடைய பத்தில் கனத்த அடி ஆறில் விழுகிறது. அங்கேதான் திரும்ப வேண்டும். வீட்டில் தனியாக எட்டில் திரும்பினேன். வகுப்பில் முன்னால் நின்றவள் திரும்பும்போது திரும்பினேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். முன்வரிசைக்கு மாற்றிய பிறகு எனக்கு முன்னால் யாரும் இல்லை.

நான் இடித்தவளும் சென்னைக்காரிதான். ஒத்திகை முடிந்ததும் தோளைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அடியே, எல்லாரும் ஆறுல டர்ன் பண்றோம், நீ ரெண்டு கழிச்சு வர்றே. ஃப்ரீவேல எக்ஸிட்ட விட்டவ மாதிரி."

"நாலு மாசம் ஸ்ப்ரெட்ஷீட் போட்டு ப்ராக்டிஸ் பண்ணேன்டி."

"தெரியுது. தப்ப ரொம்ப ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணிருக்கே."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திருத்திக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க டீச்சரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார். ஆபீஸில் நான் சாஃப்ட்வேர் சோதிக்கிறவள். அதே மாதிரி என்னையும் சோதித்தேன். வியாழக்கிழமை காலை கராஜில் போனை நிறுத்தி வைத்து, பாட்டைப் போட்டு, இருபது முறை ஆடிப் படம் எடுத்தேன். பதினான்கு முறை எட்டில் திரும்பியிருந்தேன். ஆறில் திரும்பிய ஆறு தடவையும் என் வாய் எண்ணிக்கொண்டிருந்தது, படத்தில் தெரிந்தது.

அன்று மாலை டீச்சரிடம் அந்த எண்களைச் சொல்லி, பாடுகிறவர்களோடே இருந்துவிடுகிறேன் என்றேன். அவர் வாதாடவில்லை. "ஹபீப்தி, உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். ஹபீப்தி என்றால் கண்ணே என்பது போல. அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார். தேங்க்ஸ் என்றேன். அழுகை வரும் என்று காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வண்டியை எடுத்தேன்.

நிகழ்ச்சி இந்தச் சனிக்கிழமை. என் இடத்தில் பின்வரிசைப் பெண் ஒருத்தி ஆடுகிறாள். நடனத்துக்காக நான் தைத்திருந்த பாவாடை அவளுக்கு லூஸாக இருந்தது. இடுப்பில் ஓர் இஞ்ச் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். நான் பாடுகிறவர்களில் இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது நாற்காலி.