சுளுக்காத கால்

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன வருஷம் எனக்கு ஒன்பது வயது. திருவொற்றியூர்க் குப்பத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர்களில் அப்பாவுக்குத் தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதை இப்போது வாரத்துக்கு மூன்று நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்தது. மற்ற நாட்களில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடலிலிருந்து வருகிறவர்களிடம் காற்று எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

அப்பாவை வளர்த்தது அவருடைய அக்கா, என் அத்தை. தாய் செத்தபோது அப்பாவுக்கு நாலு வயது, அத்தைக்குப் பன்னிரண்டு. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுத் தம்பியை ஆளாக்கியவள். ஆகவே அவனை யமனிடமிருந்து மீட்பதும் தன் பொறுப்பு என்று அவள் எடுத்துக்கொண்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பர்வதமலைக்கு வேண்டிக்கொண்டாள். அந்த உச்சிக் கோயிலில் சாமிக்கு நம் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். 'தம்பி பெத்த பிள்ளை கையால் பால் ஊற்றுகிறேன், அவனை எழுப்பிக் கொடு' என்பது வேண்டுதல். தம்பி பெற்ற ஒரே பிள்ளை நான். சாமிக்கும் அத்தைக்கும் நடந்த இந்தப் பேச்சுவார்த்தையில் என்னை யாரும் கேட்கவில்லை.

ஆவணி பௌர்ணமியன்று குப்பத்து ஜனங்கள் பதினைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அம்மாவும் வந்தாள். அம்மா மீஞ்சூர்ப் பக்கத்துப் பெண். இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. அத்தை ஒன்று சொன்னால் அம்மா தலையாட்டுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான் நடந்துவந்தது.

வெயில் ஏறுவதற்கு முன் மலை ஏற ஆரம்பித்தோம். முதலில் படிக்கட்டு, பிறகு பாறையும் மரவேரும் கலந்த பாதை. எனக்கு எல்லாம் விளையாட்டாக இருந்தது. பால் தூக்கை நான்தான் பிடித்திருந்தேன். அத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதன் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மதியம் கடப்பாறை மலையின் அடிக்கு வந்து சேர்ந்தோம். பாதை அங்கே முடிந்துவிடுகிறது. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அறைந்து, சங்கிலி கட்டி விட்டிருந்தார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கடப்பாறை மேல் காலை வைத்து ஏற வேண்டும். கோயில் அதற்கும் மேலே. அண்ணாந்து பார்த்தால் அதன் கூரை தெரிந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. மேகம் உச்சியை மூடிக்கொண்டு கீழே இறங்கியது. காற்றில் சங்கிலிகள் பாறையில் மோதிச் சத்தம் போட்டன. அப்புறம் இடி. மலையில் கேட்கிற இடி வேறு மாதிரி. தலைக்கு மேலிருந்து வராது, பக்கத்திலிருந்து வரும்.

அங்கே சுக்குக் காபி விற்றுக்கொண்டிருந்தவர் கடையைச் சுருட்டிக்கொண்டே, "மேல போவாதீங்கம்மா. எல்லாம் இரும்பு. மின்னல் எறங்குச்சுன்னா சங்கிலிய புடிச்ச கை வராது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் வேனில் வந்த வாலிபர்கள் நாலுபேர் சாமி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஏறினார்கள். மற்றவர்கள் சுக்குக் காபிக்காரர் பின்னாலேயே போய்விட்டார்கள். ஒரு பாறை இடுக்கில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

"இன்னா பெரிய மழை? உன் புருசன் பாக்காத மழையா? அரை மணி நேரம்மே. ஊத்திட்டு வந்துரலாம்" என்றாள் அத்தை.

"இடி இடிச்சிகினு கீது அண்ணி. கொயந்த கீதே..."

"கொயந்தய நான் முதுகுல கட்டிகினு ஏர்றேன். என் தம்பி அங்க சாவக் கெடக்கறான். இவ்ளோ தூரம் வந்துட்டு இன்னான்னு திரும்பறது?"

சொல்லிவிட்டு இடுப்பில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள், என்னைக் கட்டிக்கொள்ள. அம்மா தலையாட்டாமல், மழையில் நனைந்துகொண்டு சங்கிலியையே பார்த்தபடி நின்றாள். வெள்ளையாக ஒரு மின்னல் அடித்தது. பாறை, சங்கிலி, அத்தையின் முகம் எல்லாம் ஒரு நொடி சுண்ணாம்பு பூசினதுபோல் ஆகிவிட்டன.

அந்த நேரத்தில் நான் அப்பாவை நினைக்கவில்லை. நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். சத்தியமாக நினைக்கவில்லை. பொத்தென்று பாறையில் உட்கார்ந்து, "அம்மா, கால் சுளுக்கிகிச்சி" என்றேன்.

அம்மா குனிந்தாள். இறால் உரித்து உரித்து அவள் விரல் நுனிகள் வெடித்துச் சொரசொரவென்றிருக்கும். அந்த விரல்களால் என் கணுக்காலைச் சுற்றிலும் அழுத்தினாள். பாதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். நான் கத்த மறந்துவிட்டேன். தாமதமாக நினைவு வந்து 'ஆ' என்றேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மழை கண்ணில் விழுந்தும் இமைக்காமல் பார்த்தாள்.

"வீங்கிகினு கீது அண்ணி" என்றாள் சத்தமாக. "எறங்கிரலாம்."

"நாந்தான் தூக்கினு போறேன்னு சொல்றேன்ல?"

"நான் குடுக்க மாட்டேன்."

அத்தையின் கையில் துண்டு அப்படியே நின்றது. அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. "அப்போ உன் புருசன் உனக்கு வேணாம்?" என்று கேட்டாள். அம்மா முந்தானை ஓரத்தைக் கிழித்து என் காலில் கட்டினாள். என்னை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

வழுக்குகிற பாறைகளில், எதிரே இருப்பது தெரியாத மழையில், ஒன்பது வயதுப் பெண்ணைச் சுமந்துகொண்டு அம்மா கிட்டத்தட்ட அடிவாரம் வரை இறங்கினாள். இரண்டு இடத்தில் முழங்காலில் விழுந்தாள். நான் நடக்கிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் பொய் வெளியே வந்துவிடுமே. அம்மாவை எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றிவிட்டேன் என்று பயத்தோடு பயமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அத்தை பால் தூக்கோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடிவாரத்தில் ஒரு வில்வ மரத்தின் வேரில் பாலை ஊற்றிவிட்டு, தூக்கைக் கவிழ்த்து உதறினாள்.

மேலே போன நாலுபேரும் சாயங்காலம் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். மின்னல் யாரையும் தொடவில்லை. அவர்கள் கொடுத்த விபூதியை அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

வீட்டில் அத்தை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "திரும்பி வந்துட்டாங்க இல்ல? அத வுடுக்கா" என்றார். அம்மா அடுத்த மூன்று நாளும் தவறாமல் நல்லெண்ணெய் காய்ச்சி என் காலில் தேய்த்து, புதிதாகக் கட்டுப் போட்டாள். நானும் தவறாமல் நொண்டினேன். இரண்டாம் நாள் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் என் காலைப் பார்த்தார். கட்டு வலது காலில் இருந்தது. நான் நொண்டியது இடது காலை. அத்தை உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலுடி" என்று வலது காலை மெதுவாகத் தட்டிக் காட்டினார். டம்ளரை வாங்கி, டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரே ஒரு மடக்கு குடித்தார்.

தை பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார்.

சாமியானா போட்டு, குப்பமே கூடியிருந்தது. அத்தை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவரைத் தூக்கி வளர்த்தது, முதல் முதலாகப் படகு ஏற்றியது என்று வரிசையாகச் சொல்லிவந்தவள், கடைசியில் மலைக்கு வந்தாள். "பாதி மலையில திரும்பினாளே! சாமி வாசல்ல நின்னுட்டுத் திரும்பினாளே! உன்ன எழுப்பித் தர வந்த சாமிய ஏமாத்திட்டாளே!" என்றாள். பெண்கள் எல்லோரும் அம்மா பக்கம் திரும்பினார்கள். அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அம்மா இல்லை, நான்தான் என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. எழுந்து நின்றேன். "அத்தே, என் காலு..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என் முகத்தைத் தன் மார்போடு வைத்து மூச்சு முட்டும்படி அழுத்தினாள். என் வாய் அவள் புடவைக்குள் புதைந்தது. நான் திமிறத் திமிற அவள் பிடி இறுகியது. சுற்றியிருந்தவர்கள் எங்களைப் பார்த்து இன்னும் பலமாக அழுதார்கள்.

அப்பா போன துக்கம் தாங்காமல்தான் அம்மா என்னை அப்படிக் கட்டிக்கொள்கிறாள் என்று அன்று நானும் நினைத்தேன்.