டி.வி. விஞ்ஞானியும் ஆறிப்போன காபியும்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். லேப் என்றதும் கலர் கலராகத் தண்ணீர், புகை, வெடிச்சத்தம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதெல்லாம் டி.வி.க்காரர்கள் கிளப்பிவிட்டது. நான் களிமண்ணைச் சலிப்பேன், எடை போடுவேன். சின்ன வில்லைகளாக்கிக் காயவைத்து, சூளையில் சுட்டு, எவ்வளவு சுருங்கியது, எங்கே விரிசல் விட்டது என்று பார்ப்பேன். ஒரு பதில் வர நாலு நாள் ஆகும். டி.வி. விஞ்ஞானிக்கு அது விளம்பரம் முடிவதற்குள் வந்துவிடும்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் பார்த்துத்தானா அந்த சீரியல் வர வேண்டும்? வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானி மருமகள், மாமியாரின் பாலில் தினமும் நீலச் சொட்டு கலந்துகொண்டிருந்தாள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. லேபில் வேலை என்று கேட்டதுமே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. பொண்ணு கெமிக்கல் எல்லாம் தொடுமாமே என்று ஒரு வீட்டில் தரகரிடமே கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது, உள்ளுக்குள் பயம்தான்.

மூன்றாவது வரன் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளையோடு போனில் ஒருமுறை பேசியதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல் என்று அப்பா கெஞ்சினார். சரி என்று தலையாட்டினேன்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். என்ன வேலைம்மா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. லேப் என்றேன். அவ்வளவுதான், ஒருவர்கூடக் காபியைத் தொடவில்லை. டம்ளர்களில் ஆடை படியத் தொடங்கியது. எனக்கு நீலச் சொட்டு ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. அந்த அம்மாவுக்கு எதிரில் இருந்த டம்ளரை எடுத்து மடக்மடக்கென்று நானே குடித்தேன்.

"பாலும் காபித்தூளும் சக்கரையுந்தாங்க. வேற ஒண்ணும் கலக்கல."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை சீரியல் கதையை எடுத்துச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் வீட்டு வழக்கமே வேறாம். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டில்தான் கை நனைக்கக் கூடாது, காபி அதில் சேர்த்தி இல்லை. மண்ணைப் பற்றிச் சொல்ல நாலு நாள் பொறுக்கிறவள், மனிதர்களைப் பற்றி அரை நிமிடத்தில் முடிவு கட்டியிருக்கிறேன். நானும் டி.வி. விஞ்ஞானியேதான். வெட்கமாகப் போய்விட்டது.

இந்த வரனும் போச்சு என்றே நினைத்தேன். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், அப்புறம் போனே வராது. அந்த அம்மா மகனைப் பார்த்தார். அவர் குனிந்துகொண்டு சிரித்தார். உடனே காலி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார் அந்த அம்மா.

"என் காபியத்தான் நீ குடிச்சிட்டியே. வேற போட்டுக் கொண்டாம்மா, குடிக்கிறோம்."

அடுப்படிக்குள் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒற்றைக் கையாலேயே எல்லாருக்கும் காபி கலந்தேன்.