எங்க பாப்பா

எங்கள் மகள் பதினோரு நாள் இருந்தாள். எட்டாம் நாளே கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பிதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும், அவனுக்கு லீவு கிடைக்கும் வரை பொறுப்போம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். "இருக்கறவங்கள வெச்சிக் குடுத்துடலாங்க" என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். நான் கேட்டால்தானே!

காய்ச்சல் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போக நல்லம்பள்ளியில் பஸ் ஏறினோம். அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் மடியிலேயே போய்விட்டாள். உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறவனே நான்தான். கையில் தண்ணீர்க் கூஜா வேறு இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்பதால், எங்கள் ஊர் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தோம்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்கள் பெயரை வீட்டுக்கொரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், பூசையில் சாமியார் வாசிப்பார். அப்பா, அம்மா, மாமனார் என்று மூன்று பேரை எழுதி மடித்தேன்.

"பாப்பாவ எழுதலீங்களா?"

"ஞானஸ்நானம் வாங்காத புள்ளய எழுத மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். வாய்தான் சட்டம் பேசியது. உள்ளே வெறும் பயம். ஊரே கேட்க அவளை வாசித்தால் என் தப்பையும் சேர்த்து வாசித்ததாகிவிடும். ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் இல்லை என்பார்கள்; அங்கே அவளைப் பார்ப்போமா என்று மனைவி ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. நானும் அந்தக் கேள்விக்குப் பயந்தே வீட்டில் நடமாடினேன்.

அன்று காலைப் பூசையில், புதிதாக வந்திருந்த இளவயது சாமியார் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். ஒன்றை எடுத்ததும் நிறுத்தினார்.

"'எங்க பாப்பா'ன்னு மட்டும் எழுதியிருக்கு. யார் வீட்டுச் சீட்டு இது?"

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்திருந்தாள். எனக்குத் தெரியாமல் இன்னொரு சீட்டு போட்டிருக்கிறாள். நான் எழுந்து நின்றேன்.

"எங்க வூட்டுதுங்க, சாமி. ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போயிட்டா. நான்தான் தள்ளிப் போட்டேன். பேரு கூட வெக்கலீங்க."

சீட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பேரு மோட்சத்துல வச்சிருப்பாங்க" என்றார். பிறகு மற்றவர்களை வாசித்த அதே குரலில் "எங்க பாப்பா" என்று வாசித்தார். கோவிலே அவளுக்காகச் சேர்ந்து மன்றாடியது. நின்றபடியே அழுதேன்.

பூசை முடிந்து சோளக்காட்டு வழியே வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் மனைவி நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"என்ன பேருங்க வெச்சிருப்பாங்க?"

"தெரியலையே," என்றேன். "நாம போறப்ப அவளே சொல்லுவா."