ஓடைக்கரையில் பயிரிடக் கூடாது

காய்கறித் தோட்டத்தில் உரமும் தண்ணீரும் இல்லாமலே செழித்து வளரும் பயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் விதிமுறை. சிட்னியின் மேற்கு எல்லையில் காணியைக் குத்தகைக்கு எடுத்து, கத்தரியும் வெண்டியும் நட்டு, எதை எங்கே நடலாம் என்று பிறரிடம் அனுமதி கேட்டு நின்றவர்கள் இதை வாசிக்கையில் தலையை ஆட்டுவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் தமிழும் விஞ்ஞானமும் கற்பித்து இளைப்பாறிய பின்னர், அப்படிக் குத்தகைக் காணியில் காய்கறி பயிரிடும் தம்பி சிவநேசனிடம் வந்து சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் வாசற் படலைக்கு அருகிலுள்ள கொட்டிலில் காய்கறி விற்பதும், ஆங்கிலத்தில் வரும் விதிகளை அகராதியின் துணையோடு வாசித்துத் தம்பிக்கு விளக்குவதும் என் பணிகள் ஆயின. தம்பி என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவான். ஆனால் பொறுமையாக உட்கார்ந்து வாசிக்க மாட்டான்.

காணிக்காரர் சார்லி என்னும் முதியவர். இளமையில் மால்ட்டாவிலிருந்து வந்து அதே மண்ணில் பாடுபட்டு ஓய்ந்தவர். காணியின் பின்புறம் ஓடும் சிற்றோடையைப் பாதுகாப்பதற்கான அரசாங்கத் திட்டம் ஒன்றில் அவர் கையொப்பமிட்டிருந்தார். கரையோரமாக ஒரு பட்டை நிலத்தை உழாமல் விட வேண்டும். வேலி அடைக்க வேண்டும். களை அகற்றி, இந்நாட்டு மரக்கன்றுகளை நட்டுக் காப்பாற்ற வேண்டும். கன்றுகளும் வேலிச் செலவில் பாதியும் அவர்கள் தருவார்கள். மீதிச் செலவும் உழைப்பும் எங்களுடையவை. இரண்டாம் ஆண்டின் முடிவில் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது பெரும்பாலான கன்றுகள் உயிரோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெற்ற உதவியைச் சார்லி திருப்பிக் கொடுக்க நேரும். "அப்படி ஆனால் வீடு கட்டுகிறவர்களுக்குக் காணியை விற்றுவிடுவேன். கன்று நின்றால் உங்கள் குத்தகையும் நிற்கும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

எங்கிருந்து அளப்பது?

அத்திட்டத்தின் இளம் அலுவலர் ஹெலன் அளவு நாடாவோடும் நிறம் பூசிய முளைகளோடும் வந்தார். அவர் முளை அடித்த பட்டையில்தான் எங்கள் பாகல் பந்தல் நின்றது. தோட்டத்திலேயே கறுத்து, மெத்தென்று, மண்வெட்டி தானாக இறங்கும் மண் அது. தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்று தம்பி வாதாடினான். அப்படி அளந்தால் பந்தல் தப்பிவிடும். ஹெலனோ கரையின் உச்சியிலிருந்துதான் அளப்பேன் என்றார்.

ஏன் அப்படி என்று அறியும் ஆவல் எனக்கு. கேட்டேன். அவர் என்னை ஓடைக்கு அழைத்துச் சென்று, என் தலைக்கு மேலே ஒரு கிளையில் சிக்கிக் காய்ந்திருந்த வைக்கோல் போன்ற குப்பையைக் காட்டினார். அங்கு அதை வைத்தது யார் என்று கேட்டேன். "ஓடைதான்" என்றார். முழங்காலளவு நீர் ஓடும் இந்த ஓடையா என்று வியந்து, நெடுநேரம் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப்பின் அளவைப் பற்றி நான் வாதாடவில்லை. பந்தல் கழன்றது.

சனிக்கிழமை பிளாக்டவுனிலிருந்து வந்த நடராசா, பாகற்காய் ஏன் இல்லை என்று கேட்டார். அவர் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர். பயிரிடாமல் விடுவதற்கு அரசாங்கம் உதவி செய்கிறது என்று விளக்கினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரீச்சர், நானும் என்ரை பின்வளவிலை பத்து வருசமா ஒண்டும் செய்யாமல்தான் இருக்கிறன். எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லி விடுங்கோவன்."

உயிர்வேலி

சார்லியின் மாடுகள் கன்றுகளைத் தின்னாதிருக்க வேலி தேவை. கம்பிக்கும் தூணுக்கும் எங்கள் பங்கு எவ்வளவு என்று அறிந்த தம்பி ஓர் இரவு முழுவதும் கணக்குப் போட்டான். மறுநாள் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற முருங்கை மரங்களைத் தறித்து, கொப்புகளை வேலிக்கு ஊன்றும் கதியாலாக்கி, கரை நெடுகிலும் வரிசையாக நட்டான். எங்கள் ஊரில் வேலி என்றால் அதுதானே! தடியை ஊன்றினால் துளிர்க்கும். துளிர்த்தால் கறிக்கும் ஆகும். வரிசை எழுத்துப் பயிற்சிக் கொப்பியைப் போல நேராக இருந்தது. எனக்கும் மிகுந்த திருப்தி.

அவை துளிர்த்த பின் ஹெலன் வந்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பின்னர் ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்து, "இது உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். ஓம் என்று தம்பி பெருமையோடு சொன்னான். அதுதான் சிக்கல். அந்தப் பட்டைக்குள் வெளிநாட்டுச் செடி எதுவும் வேர்விடக் கூடாதாம். எல்லாவற்றையும் பிடுங்க வேண்டுமாம். அச்சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு கதியாலைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிடுங்கியவன் எங்களிடம் வேலை செய்யும் கண்ணன். படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து, வேலை செய்ய அனுமதிக்கும் தற்காலிக விசாவோடு வெளியே வந்தவன். கடைசித் தடியை இழுத்தெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"பாவம் ரீச்சர், இதுக்கும் விசா இல்லையாம். கதியால் எண்டபடியால் ஆளுக்கொரு வீடு கிடைச்சிட்டுது. எங்களுக்கெண்டால் முதல் வில்லாவுட்தான்."

வறைக்கு உகந்த கீரை

களை அகற்றும் காலத்தில் ஓடையின் விளிம்பில் பொன்னாங்காணி படர்ந்து கிடப்பதைக் கண்டேன். அந்நிய மண்ணில் அறிமுகமான முகம்! கண்ணனைக் கொண்டு ஒரு கூடை பறிப்பித்து, கொட்டிலுக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன். நடராசாவின் மனைவி இரண்டு கட்டு வாங்கினார். ஒன்று தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டும் வறைக்கு, மற்றையது தொட்டியில் நடுவதற்கு.

அடுத்த வாரம் ஹெலன் மிஞ்சிக் கிடந்த ஒரு தண்டைக் கண்டு, இது பொன்னாங்காணி அல்ல என்று பதறிவிட்டார். பொன்னாங்காணியின் பூ இலைக்கணுவில் ஒட்டி இருக்கும். இதன் பூவோ நீண்ட காம்பில் தனியாக நிற்கிறது. தண்டை ஒடித்துக் காட்டினார், உள்ளே குழாய். பொன்னாங்காணியின் இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஆறுகளையே மூடிவிடும் கொடிய களையாம்; விரலளவு துண்டு விழுந்தாலும் முளைக்குமாம். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டின் குணம் இவ்வளவு வேறுபடுமா என்று வியந்து, தண்டுகளை அருகருகே வைத்துப் படம் வரைந்துகொண்டேன். ஹெலன் முகத்தில் அந்த வியப்பு இல்லை. அந்தக் களை பரவினால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்றார். நான் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, மிச்சத்தைப் பையில் இறுகக் கட்டி வைக்கும்படியும் தொட்டியைத் தொடாதிருக்கும்படியும் சொன்னேன். ஹெலன் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டார். நடராசாவின் மனைவி மட்டும் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டார்:

"தொட்டியிலை இருக்கிறதைக் குடுக்கிறன் ரீச்சர். வறை சுண்டினதை இவர் ரெண்டுதரம் போட்டுச் சாப்பிட்டவர். அதை எப்பிடிப் பையிலை கட்டுறது?"

ஊட்டி வளர்த்த பிள்ளை

களை ஒழிந்தது, கம்பிவேலி வந்தது, கன்றுகளும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு நட்டோம். தம்பி ஒரு கன்றைக் கண்டால் அதற்குச் சாப்பாடு போடாமல் இருக்க மாட்டான். கோழி எச்சப் பசளையை அள்ளி ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தான். சில வாரங்களில் பாங்சியா, கிரெவிலியா என்னும் இந்நாட்டுக் கன்றுகளின் இலை நுனிகள் கருகின. பசி போலும் என்று எண்ணி மேலும் வைத்தான். மேலும் கருகின. விடியற்காலையில் எழுந்து தேநீர் குடியாமல் கரைக்கு ஓடுவான். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே எத்தனை போயிற்று என்று சொல்லிவிடலாம்.

ஹெலன் மண்ணைக் கிளறி மணந்து பார்த்துவிட்டு விளக்கினார். இவை சத்தே இல்லாத மண்ணில் வாழப் பழகிய இனங்கள். கிடைப்பதை உறிஞ்சும் வேர், நிறுத்தத் தெரியாது. கோழிப் பசளையில் உள்ள பொஸ்பரஸ் அவற்றுக்கு நஞ்சு. இத்தனை ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தும் உணவே நஞ்சாகும் தாவரத்தை நான் அன்றுதான் சந்தித்தேன். அன்று மாலை வரை கேள்விமேல் கேள்வி கேட்டேன். தம்பி பசளைச் சாக்கின் வாயைக் கட்டினான். செத்தவற்றுக்குப் பதிலாக எங்கள் செலவில் வாங்கி நட்டவற்றிலும் பல தப்பவில்லை. பசளை மண்ணிலேயே இருந்தது. இனி எதுவும் செய்யாதே, மண்வெட்டியும் வைக்காதே என்பது ஹெலனின் கட்டளை. தம்பியின் மனைவி மலர் பரமட்டாவுக்கு அண்மையிலுள்ள மருத்துவமனையில் தாதி. நடந்ததைக் கேட்டவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"இது புதினமே மச்சாள்? எங்கடை வோர்ட்டிலையும் வருத்தக்காரரைவிடச் சாப்பாடு கொண்டுவாற சொந்தக்காரரோடைதான் எங்களுக்குப் பாடு."

விலை ஏறிய காரணம்

பாகல் போயிற்று, வேலிக்கும் கன்றுக்கும் செலவு வந்தது. வேறு வழியின்றிக் கத்தரிக்காயின் விலையைச் சற்று உயர்த்தினோம். சுதா என்ற தமிழ்நாட்டுப் பெண், கணினித் துறையில் பணியாற்றுபவர், காரணம் கேட்டார். நான் அவரைக் கரைக்கு அழைத்துச் சென்றேன். மழை பெய்து ஓய்ந்த மாலை. ஓடையில் தவளைகள் பல குரல்களில் கத்திக்கொண்டிருந்தன. 'டொக்' என்று மரத்தைத் தட்டுவது போன்ற குரலையும் 'கிரீக்' என்று கதவு முனகுவது போன்ற குரலையும் வேறுபடுத்த நான் கற்றிருந்தேன், அவருக்கும் காட்டினேன். முன்பு இரண்டு குரல்தான் இருந்தன என்றும், இப்போது நான்காவது குரல் ஒன்றையும் கேட்பதாகவும் சொன்னேன். அவர் ஆர்வத்தோடு காது கொடுத்து, நான்காவதைத் தாமே கண்டுபிடித்து, கைதட்டினார். கொட்டிலுக்குத் திரும்பிக் கத்தரிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். ஆனா அந்தத் தவளைங்களுக்கும் சேர்த்து நாங்கதான் சாப்பாடு போடுறோமா?"

எண்ணிய நாள்

அதிகாரிகள் வரும் நாளின் காலையில் தம்பிக்குக் கை பரபரத்தது. பார்க்க ஆள் வருகிறதென்றால் நிலத்தை மண்வெட்டியால் செருக்கி, முளைத்தவற்றை அகற்றித் துப்புரவாக்கி வைப்பது எங்கள் வழக்கம். உறைகளைச் சுற்றிலும் ஏதேதோ முளைத்துக் கிடந்தன. பார்த்தால் சோம்பேறியின் காணி என்று சொல்லத் தோன்றும். மண்வெட்டியைத் தேடினான், இல்லை. கண்ணனைக் கேட்டான்; தெரியாது. "எங்கையக்கா?" என்று என்னையும் கேட்டான், எனக்கும் தெரியாது. மலர் அதைக் காருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள் என்பது தொலைபேசியில் கேட்ட பிறகே தெரிந்தது. "பின்னேரம் கொண்டுவாறன், இப்ப கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

ஹெலனோடு வந்த மூத்த அதிகாரி சிரிக்காத மனிதர். உறை உறையாகக் குனிந்து பார்த்து எண்ணினார். வெறும் உறைகள் ஏராளம். சார்லி வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். தம்பி நிலத்தையே பார்த்தான். எண்ணி முடித்த அதிகாரி உதட்டைப் பிதுக்கியபோது, எங்கள் குத்தகை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது ஹெலன், "உறைக்கு வெளியே எண்ணவில்லையே" என்றார். அதிகாரி மறுபடியும் குனிந்தார். தம்பி செருக்கி எறிய நினைத்த முளைகளில் பாதி சவுக்கு. மண்ணுக்குள் கிடந்த விதையிலிருந்தும் ஓடை கொண்டுவந்த விதையிலிருந்தும் தாமாகவே எழுந்தவை. யாரும் நடாமல், யாரும் ஊட்டாமல், முழங்காலுக்கு மேல் நின்றன. அவையும் இந்நாட்டு மரங்களே; அவற்றையும் சேர்த்துக்கொள்ள விதி இடம் தந்தது. இரண்டாம் எண்ணிக்கை நெடுநேரம் நடந்தது. முடிவில் கணக்குத் தேறியது; அதிகாரி தம்பியின் கையைக் குலுக்கி, இவ்வளவு பொறுமையான விவசாயியைத் தாம் கண்டதில்லை என்றார். கண்ணன் கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

சார்லி வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். சவுக்கங்கன்றுகளைத் தடவிப் பார்த்தார். குத்தகையைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்னார். தம்பியின் கண் கலங்கியது. பிறகு அந்தக் கிழவர் திரும்பி, எங்கள் வெண்டி நின்ற மேட்டைக் கண்ணைச் சுருக்கி நோக்கி, மிகுந்த மகிழ்ச்சியோடு சொன்னார்:

"சிவா, உனக்கு இது நன்றாக வருகிறது. அடுத்த திட்டத்தில் அந்த மேட்டையும் சேர்த்துவிடுவோம்!"

ஆக, பயிரிடாமல் விட்ட நிலமே பயிரிடும் உரிமையை எங்களுக்கு வாங்கித் தந்திருப்பதால், இனி எவ்வளவு குறைவாகப் பயிரிடுகிறோமோ அவ்வளவு காலம் நாங்கள் இங்கே விவசாயிகளாக இருக்கலாம் போலும்.